கால் கிலோ ரசம் சாதம்

என் நாத்தனாருக்கு "போதும்" என்ற சொல் காதில் விழாது. காது நன்றாகத்தான் கேட்கும், பக்கத்துத் தெருவில் யார் வீட்டு மிக்ஸி ஓடுகிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர் "போதும்" என்றால், அது சும்மா மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்துப் பந்தியில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். வாயால் சொல்வதை நம்ப மாட்டோம். இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் பாதி நம்புவோம். இலையை மடித்தால்தான் முழுதாக நம்புவோம். என் நாத்தனார் மடித்த இலையைப் பிரித்துப் பாயசம் ஊற்றியவர். சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் பாதிப் பந்தியில் எழுந்து ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் பளுதூக்கும் போட்டிக்குச் சமையல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி வளாகத்து உள்ளரங்கில் பல நாட்டுப் பெண்கள் கலந்துகொள்ளும் போட்டி அது. சாப்பாட்டு கான்ட்ராக்ட் எங்கள் மாஸ்டருக்குக் கிடைத்தது. வலங்கைமான் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் சமையல். நான் பி.காம். படித்தவள், நாலு வார்த்தை ஆங்கிலம் பேசுவேன், அவருடைய ஆர்டர்களில் பந்தி மேற்பார்வை பார்ப்பேன். அது கோடைக்காலம். உளுந்து எடுத்தாகிவிட்டது, ஆறு வெறும் மணலாகக் கிடந்தது, குறுவைக்குத் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. வயலில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களை எல்லாம் திரட்டி ஒரு வேனில் ஏற்றினேன். நாத்தனார் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு தூக்கு நிறைய நாரத்தங்காய் ஊறுகாயை வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வாய்க்கு ருசியாக எதையும் கண்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு பச்சாதாபம்.

வேலை கடுமை. அதை மறைக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரையைப் பற்றவைத்தால் இருட்டிய பிறகுதான் பாத்திரம் கவிழும். காலைப் பந்தி மதியத்தில் முடியும், மதியப் பந்தி சாயங்காலத்தில் முடியும், நடுவில் எங்கள் காலைப் பலகாரத்தை நாங்கள் பதினொரு மணிக்குச் சாப்பிடுவோம். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்துப் படுத்தோம். என் குதிகால் இரண்டும் தனியாக அழுதன. ஆனாலும் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அது எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் தலைக்கு நெகிழி வலைத் தொப்பி கொடுத்திருந்தார்கள். நாத்தனார் மல்லிகைப் பூவை வைத்து அதன்மேல் வலையை மாட்டிக்கொண்டார். பூவோடு சேர்த்து வலைபோட்ட தலை புடைத்துக்கொண்டு நிற்கும். மாஸ்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் பேசாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அரங்கத்தின் பின்சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த கொட்டகைதான் எங்கள் சமையற்கட்டு. எங்கள் கழுத்தில் தொங்கிய நீல அட்டைக்குச் சமையற்கட்டும் சாப்பாட்டுக்கூடமும்தான் அனுமதி, அரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே பளுதூக்கும் போட்டியில் வேலை பார்த்த நாங்கள் ஒருவர்கூட ஒரு பளு தூக்கப்படுவதைப் பார்த்ததில்லை. காதால்தான் கேட்டோம். ஒலிபெருக்கியில் நாட்டின் பெயரைச் சொல்வார்கள். பிறகு அமைதி. கம்பி உடனே தடாலென்று விழுந்தால் அந்தப் பெண்ணால் தூக்க முடியவில்லை என்று அர்த்தம். அமைதி நீண்டு, "ட்டீ" என்று ஒரு மணி அடித்து, அதற்குப் பிறகு விழுந்தால் தூக்கிவிட்டாள் என்று அர்த்தம். தலைக்கு மேல் தூக்கி ஆடாமல் நின்றால்தான் அந்த மணி அடிக்கும், மணி அடித்த பிறகுதான் கீழே போட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சத்தத்தையும் கூடத்துப் பேச்சையும் வைத்துத் தெரிந்துகொண்டோம்.

முதல் நாளே அமைப்பாளர்களில் ஒருவர் வந்து எங்களை நிற்கவைத்துச் சொன்னார்.

"கேட்டா மட்டும் பரிமாறுங்க. வற்புறுத்த வேண்டாம். போட்டி அன்னிக்கு எடை பாக்குற வரைக்கும் சில பேரு எதுவும் சாப்பிட மாட்டாங்க. கண்டுக்காதீங்க."

அவர் போனதும் நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டாப் போடறதுக்குப் பேரு ஓட்டலு. நாம என்ன ஓட்டலா நடத்தறோம்?"

"ஆமாங்க அண்ணி. இங்க நாம ஓட்டல் மாதிரிதான்."

"அப்படின்னா நான் பாத்திரம் கழுவப் போறேன். என்னால அதெல்லாம் ஆகாது."

கழுவப் போகவும் இல்லை, சொன்னதைக் கேட்கவும் இல்லை.

அவர் கண்ணில் விழுந்தது ஒரு பெண். மலை நாட்டிலிருந்து வந்த அணியைச் சேர்ந்தவள். குள்ளம், அகன்ற தோள், இரட்டைச் சடை. நம் ஊர் வெயிலில் கன்னம் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். அவள் பெயரை எங்களால் சொல்ல வரவில்லை, அதனால் ரெட்டச்சடை என்றே கூப்பிட்டோம். ஒவ்வொரு வேளையும் தோழிகளோடு வந்து உட்காருவாள். தோழிகள் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். இவள் தட்டில் நாலு வெள்ளரித் துண்டும் மஞ்சள் கரு எடுத்த முட்டையும் இருக்கும். நாத்தனார் கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல போலருக்கு. நாக்கு செத்துப்போயிருக்கும். ஒரு வாய் ரசம் சாதம் சாப்ட்டா சரியாயிடும்."

"அண்ணி, அதுக்கு ஒண்ணும் இல்ல. எடை குறைக்குது. எடை கூடுச்சுன்னா போட்டியில சேத்துக்க மாட்டாங்க."

"சாப்பிடாம எப்படி அம்மாம் பெரிய கம்பியத் தூக்கும்? யாரும்மா இந்தச் சட்டத்தப் போட்டது?"

நான் தட்டுகளை அடுக்கப் போய்விட்டேன். 

அவளுடைய போட்டி நாள் காலையில் நான் இட்லித் தட்டு எண்ணிக்கையில் மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாத்தனாரைக் காணவில்லை. கூடத்துக்குப் போனேன். கடைசி மேசையில் ரெட்டச்சடை உட்கார்ந்திருந்தாள். தோழிகளுக்குத் துணையாக வந்தவள். பக்கத்தில் நாத்தனார் நின்றுகொண்டு, அவள் தலைமேல் கையை வைத்திருந்தார். தட்டு வழித்தெடுத்தது போல் இருந்தது. அவள் அண்ணாந்து சுக்குக் காப்பியின் கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

பிறகு பெண்கள் சொல்லித்தான் முழுக்கதையும் தெரிந்தது. சோற்றைக் குழையப் பிசைந்து, மிளகு ரசம் விட்டு, நெய் ஊற்றிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கிறாள். இவர் தலையில் கை வைத்து, "சாப்புடு கண்ணு" என்றிருக்கிறார். அவள் இவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஸ்பூனை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், அதன் பிறகு நிறுத்தவில்லை.

"பாத்தியா, எவ்வளவு ஆசையா சாப்பிட்டுச்சு. வந்த நாள்லேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார் நாத்தனார் என்னைப் பார்த்து. அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

சுவரில் அன்றைய நிரல் ஒட்டியிருந்தது. அவள் எடைப் பிரிவு காலையிலேயே இருந்தது. 

கொஞ்ச நேரத்தில் அவளுடைய பயிற்சியாளர் அம்மா சமையற்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெரிய உருவம், கழுத்தில் விசில். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே மாதிரி நொண்டியதால் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. ரெட்டச்சடை தராசில் ஏறியிருக்கிறாள். இருக்க வேண்டிய எடையைவிடக் கால் கிலோவுக்குமேல் கூடுதல். எடை பார்க்க ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். நேரம் முடியும்போதும் கூடுதலாக இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். தோளில் அடிபட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள், திரும்பி வந்து கலந்துகொள்ளும் முதல் போட்டி இதுதான் என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன், நாத்தனாரைப் பார்த்து.

"எத்தன தடவ சொன்னேங்க அண்ணி? ரெண்டு வருஷப் பாட்டை ஒரு கிண்ணம் சோத்துல முடிச்சிட்டீங்களே."

எதற்கும் பதில் வைத்திருப்பவர் அன்றைக்குச் சுருங்கிப்போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாத்து நடப் போற எடத்துல எங்கம்மா எனக்கு ஒரு வாய் கஞ்சிதான் வச்சிருக்கும். நான் இன்னும் கேப்பேன். இல்லன்னு சொல்லாது. முந்தானைய எடுத்து எம்மொகத்தத் தொடச்சிவிடும், அவ்வளவுதான். இங்க அண்டா அண்டாவா இருக்கறப்ப ஒரு புள்ள பட்டினியா ஒக்காந்திருந்தா எனக்கு எப்படிடி தாங்கும்?"

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் இலையில் கொட்டிய சோற்றுக்கெல்லாம் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பயிற்சியாளர் அம்மாவுக்கு எங்கள் பேச்சு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்களைப் பார்க்கவும் இல்லை. தகரக் கொட்டகையையும், வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்த இட்லிக் கொப்பரைகளையும், அதிலிருந்து எழும்பும் ஆவியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் அதற்குள் முத்து முத்தாக வேர்த்திருந்தது. வேர்க்கவைத்து எடையைக் குறைப்பதற்கென்று ஏற்பாடு செய்திருந்த நீராவி அறை விடுதியில் இருந்தது, அங்கே போய்த் திரும்பவே நேரம் போதாது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. வெளியே போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

ரெட்டச்சடைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஜாக்கெட் போட்டுவிட்டார்கள். கொப்பரைகளுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள். மாஸ்டர் முதலில், "சமையக்கட்டுல இதெல்லாம் என்னம்மா" என்று முணுமுணுத்தார். பிறகு தானே போய் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கொப்பரை மூடி ஒவ்வொன்றையும் திறந்துவிட்டார். ஆவி கொட்டகையை நிறைத்தது. எங்கள் பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். அது கும்மித் தாளம், ஆனால் ஓடுவதற்கும் சரியாகத்தான் பொருந்தியது. அவள் போய்த் தராசில் ஏறிவிட்டு வந்தாள். குறைந்திருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் பாக்கி.

அதற்குமேல் வேர்வை வரவில்லை. உடம்பில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது போலிருந்தது. பயிற்சியாளர் அம்மா ஒரு குவளையை அவள் கையில் கொடுத்து எச்சிலைத் துப்பச் சொன்னார். வாயில் ஊறும் எச்சிலுக்கும் எடை உண்டாம், எங்கேயும் இப்படித்தான் செய்வார்களாம். ஆனால் வாய் வறண்டு கிடந்தது. மெல்லுகிற மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கும் ஒன்றும் ஊறவில்லை. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அழுவதற்குக்கூட அவளிடம் ஈரம் இல்லை என்று நினைத்தபோது எனக்குத்தான் கண் கலங்கியது.

அப்போது நாத்தனார் மூட்டையை விட்டு எழுந்தார். மதியச் சாம்பாருக்கு வைத்திருந்த மாங்காய்க் கூடையிலிருந்து நல்ல பச்சைக்காயாக ஒன்றை எடுத்து, அரிவாள்மணையில் கீற்றுக் கீற்றாக அரிந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, திரும்பவுமா? சத்தியமா வேணாங்க."

"சும்மா இரு. திங்கறதுக்குக் குடுக்கல."

ஒரே ஒரு கீற்றை அவள் நாக்கில் வைத்து, உடனே வெளியே எடுத்துவிட்டார். அவள் முகம் கோணிக்கொண்டது. பிறகு நாத்தனார் அவளுக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராக ஒரு கீற்றை நறுக்கென்று கடித்தார். ஒரு கண்ணை மூடி, தோளைக் குலுக்கி, நாக்கைச் சப்புக்கொட்டினார். எங்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே தானும் ஒரு கீற்றை எடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. நானும் எடுத்தேன். அத்தனை பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து நறுக் நறுக்கென்று கடித்து, கண்ணை இடுக்கி, நாக்கைச் சப்பினோம். மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், அவருக்கும் ஊறிவிட்டது.

ரெட்டச்சடை எங்களை முறைத்தாள். பிறகு சிரித்தாள். பிறகு குனிந்து குவளையை வாய்க்கு நேராகப் பிடித்தாள், நிமிரவே இல்லை. பயிற்சியாளர் அம்மா விசிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். நேரம் முடியப் போகிறது என்று யாரோ கதவைத் தட்டும்வரை நாங்கள் மாங்காய் தின்றோம். அன்றைக்கு மதியச் சாம்பாரில் மாங்காய் இல்லை.

அவள் ஓடினாள். நாங்கள் வாசலில் நின்றோம். நாத்தனார் தாலிக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவாமிமலை முருகனிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விசில் சத்தம் கேட்டது. ஒரு விசில் இல்லை, மூச்சு முட்ட ஊதிக்கொண்டே வந்தார் அந்த அம்மா. என்னைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், பாதியில் அவர் மொழிக்குத் தாவிவிட்டார். புரியாமல் போவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எடை பார்த்து முடித்த பிறகு சாப்பிடலாம். போட்டி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ரெட்டச்சடை தட்டை எடுத்துக்கொண்டு நேராக நாத்தனாரிடம் வந்து நின்றாள். நாத்தனார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் போட மாட்டேன்னு சொல்லு. இனிமே யாருக்கும் போட மாட்டேன்."

நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, நாத்தனாரின் பின்னால் போய், கட்டிய கையைப் பிரித்து, கரண்டியைப் பிடிக்கவைத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துச் சோற்றை அள்ளித் தட்டில் போட்டாள். ரசத்தையும் அப்படியே ஊற்றினாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கரண்டியை விடவில்லை. இரண்டாவது தடவை அவரே போட்டார். தட்டின் விளிம்பைப் பார்த்து, நிறுத்திப் போட்டார். அதை நான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

பிறகு சுவரோரம் போய் நின்றோம். அடுப்பை எல்லாம் சிம்மில் வைத்துவிட்டார் மாஸ்டர். தூக்குவதில் இரண்டு முறை உண்டு, ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு முறையிலும் மூன்று வாய்ப்பு, மூன்றும் விழுந்தால் அவள் கணக்கில் இல்லை. ஒலிபெருக்கி அவள் நாட்டின் பெயரைச் சொன்னது. அமைதி. தடால்.

"அது வேற யாராச்சும் இருக்கும்" என்றார் நாத்தனார்.

மறுபடி அவள் நாட்டின் பெயர். மறுபடி உடனே தடால். என் பக்கத்தில் நின்றவள் மெதுவாக, "வேர்த்து வேர்த்து பலமே போயிருக்கும்" என்றாள்.  நாத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார், அந்தப் பக்கம் இருப்பவளைத் தாங்கிப் பிடிப்பதுபோல.

மூன்றாவது தடவை பெயர் சொன்னார்கள். அமைதி. குக்கர் ஒன்று விசில் அடிக்கப் போனது, மாஸ்டர் பாய்ந்து போய் வெயிட்டை விரலால் அமுக்கிக்கொண்டார். இன்னும் அமைதி.  "ட்டீ." அப்புறம் தடால். அப்புறம் கைதட்டல் சுவரைத் தாண்டி வந்தது. மாஸ்டர் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நாத்தனார் சுவரை விட்டுக் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார்.

அடுத்த முறையில் அவள் மூன்றையும் தூக்கினாள், மூன்று மணியையும் நாங்கள் கேட்டோம். பதக்கம் கிடைக்கவில்லை, நாலாவதாக வந்தாள். ஆனால் அடிபட்ட பிறகு அவள் தூக்கியதிலேயே அதுதான் அதிகம் என்று பயிற்சியாளர் அம்மா சொன்னார். எங்களுக்கு அது போதும். நான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் நாத்தனார் நம்ப மாட்டார், ஆனாலும் நிஜமாகவே போதும்.

பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். இன்னும் போட்டி உடையில்தான் இருந்தாள், உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடி. நேராக நாத்தனாரிடம் போனாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் குனிந்து, ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து, என் நாத்தனாரை அப்படியே தூக்கிவிட்டாள். கனத்த உடம்பு அவருக்கு. நாற்றுக்கட்டும் நெல்லும் தூக்கித் தூக்கி, என் வீட்டுக்காரரை இடுப்பில் சுமந்து வளர்த்த உடம்பு. அந்தச் சின்னப் பெண் அவரைத் தன் மார்புக்கு உயர்த்தி, காலை ஊன்றி, ஆடாமல் நின்றாள்.

நாத்தனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வலைத்தொப்பி கழன்று மல்லிகைப்பூ தோளில் சரிந்து கிடந்தது. பாத்திரம் கழுவிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன. பிறகு யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, எல்லோரும் சேர்ந்து "ட்டீ" என்று மணி அடித்தோம்.

அதைக் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே இறக்கப் போனாள். நாத்தனார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"எறக்கிடாத கண்ணு. பொறந்ததுலேருந்து நான்தான் எல்லாரையும் தூக்கியிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவும் இல்லை. ஆனால் அவள் இறக்கவில்லை.